குறைந்த செலவில் கோல்கானன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்து, பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் ஓர் அடுப்பையும் இரண்டு பாத்திரங்களையும் வைத்துச் சமைப்பவர்களை மனத்தில் கொண்டு இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கேள்விகளை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இன்றிரவே சமைக்க இருப்பவர்கள் அளவும் செய்முறையும் உள்ள பகுதிக்கு நேரே செல்லலாம்.

கோல்கானன் என்பது என்ன?

வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குடன், தனியே வேகவைத்த முட்டைக்கோஸையோ கேல் கீரையையோ சேர்த்து, வெங்காயத்தாள் போட்டுச் சூடாக்கிய பாலை ஊற்றிக் கலந்து, தட்டில் குவித்து, குவியலின் உச்சியில் ஒரு குழி பறித்து அதில் வெண்ணெயை உருகவிட்டால் அதுதான் கோல்கானன். ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, நடுவில் உருகி நிற்கும் வெண்ணெயில் தோய்த்து உண்பது வழக்கம். குழியின் கரை உடைந்து வெண்ணெய் வழிந்தோடாதபடி உண்பதில் அயர்லாந்துக் குழந்தைகள் தேர்ந்தவர்கள்.

பெயர் ஐரிஷ் மொழியின் 'கால் கேனன்' என்ற தொடரிலிருந்து வந்தது; வெண்தலைக் கோஸ் என்பது அதன் பொருள். ஆங்கில உச்சரிப்பில் முதல் எழுத்து குறில்தான் என்றாலும், 'கொல்' என்று தொடங்கும் ஓர் உணவைத் தமிழில் பரிந்துரைக்க மனம் வராததால் இங்கே நெடிலாக்கியிருக்கிறேன்.

சாம்ப், பபுள் அண்ட் ஸ்க்வீக் ஆகியவையும் இதுவும் ஒன்றுதானா?

இவை உறவுக்காரர்களே தவிர ஒன்றல்ல. சாம்ப் என்பது அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்கு உரியது. அதில் மசித்த கிழங்கும் வெங்காயத்தாளும் பாலும் வெண்ணெயும் மட்டுமே இருக்கும், கோஸ் இராது. பபுள் அண்ட் ஸ்க்வீக் இங்கிலாந்தைச் சேர்ந்தது. முந்தைய நாள் மிஞ்சிய கிழங்கையும் கோஸையும் வாணலியில் போட்டு வறுப்பது. ஸ்காட்லாந்தின் தென் எல்லைப் பகுதியில் இதே பொருள்களைக் கலந்து அடுப்பில் பொன்னிறமாக்கி, ரம்பிள்டிதம்ப்ஸ் என்று அழைக்கிறார்கள். கோல்கானனோ, சாம்பைப் போலவே, புதிதாக வேகவைத்து, வறுக்காமல், ஆவி பறக்கப் பரிமாறப்படுகிறது.

இது எவ்வளவு பழைய உணவு? ஹாலோவீன் இரவோடு இதற்கு என்ன தொடர்பு?

எழுத்துச் சான்று 1735ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. வேல்ஸின் ஆங்கில்சீ தீவைச் சேர்ந்த வில்லியம் பல்க்லி என்பவர் அந்த ஆண்டு ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று டப்ளினில் இருந்தார். அன்றிரவு உறவினர் வீட்டில் தாம் உண்டதைப் பற்றி, வேகவைத்த கோஸும் உருளைக்கிழங்கும் பார்ஸ்னிப் கிழங்கும் கலந்த ஓர் உணவு என்றும், இந்த நாட்டில் இந்த இரவில் எப்போதும் செய்யப்படுவது என்றும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதாவது, அப்போதே அது ஊரறிந்த வழக்கமாகியிருந்தது.

அக்டோபர் 31 கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்தைய நாள். ஒரு காலத்தில் புலால் விலக்கும் நாளாகவும் இருந்தது. அறுவடை முடிந்து கிழங்கும் கோஸும் வீட்டில் நிறைந்திருக்கும் பருவமும் அதுவே. பண்டிகையும் வேண்டும், இறைச்சியும் கூடாது என்றால் தோட்டத்தில் விளைந்ததையும் பசு தந்ததையும் சேர்த்துத்தான் விருந்து சமைக்க வேண்டும். துருவிய கிழங்கில் சுடும் பாக்ஸ்டி அடையும் உலர்பழங்கள் சேர்த்த பார்ம்ப்ராக் ரொட்டியும் அதே இரவுக்கு உரியவையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இது பஞ்சகாலத்தில் பிறந்த ஏழைகளின் உணவு என்று சொல்கிறார்களே?

அப்படிச் சொல்வது சரியன்று. அயர்லாந்தின் பெரும்பஞ்சம் 1845 முதல் 1852 வரை நீடித்தது. கிழங்கு அழுகல் நோய் பயிரை அழித்ததால், ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவுக்கும் கூடுதலானோர் நாட்டை விட்டு வெளியேறினர். மேலே சொன்ன நாட்குறிப்போ அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. மேலும், கிழங்கே இல்லாமல் போன ஒரு காலத்தில் கிழங்கு உணவு பிறந்தது என்பது பொருந்தவும் இல்லை.

பஞ்சத்துக்கு முன்னர் மிக ஏழையான உழவுத் தொழிலாளி அன்றாடம் உண்டது கோல்கானன் அன்று. வெறும் வேகவைத்த கிழங்கும் மோரும்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து கிலோ கிழங்கு உண்ட ஆண்கள் அன்று சாதாரணம். அந்தக் கிழங்கும் பெரும்பாலும் லம்பர் என்னும் வகை; மோசமான மண்ணிலும் நிறைய விளையும், ஆனால் நீர்த்துச் சுவை குன்றியிருக்கும். மோரைத் தாங்கள் வைத்துக்கொண்டு வெண்ணெயை விற்றார்கள். அந்த வெண்ணெய்ப் பணமே பல வீடுகளில் நிலக்கிழாருக்கான குத்தகை ஆயிற்று. கார்க் நகரின் ஷாண்டன் பகுதியில் இயங்கிய வெண்ணெய்ச் சந்தை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகிலேயே மிகப் பெரியதாகக் கருதப்பட்டது. பஞ்ச ஆண்டுகளிலும் நாட்டிலிருந்து வெண்ணெய் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே கோல்கானனின் உச்சியில் குழி பறித்து வெண்ணெயை ஊற்றிய வீடு, விற்றிருக்கக்கூடிய பொருளை அன்று ஒருநாள் தனக்கென்று வைத்துக்கொண்ட வீடு. இதை வறுமையின் உணவு என்பதைக் காட்டிலும், வசதி குறைந்தவர்களின் பண்டிகை உணவு என்பதே பொருத்தம்.

அப்படியானால் எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வெண்ணெயில் கை வைக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

நான்கு பேருக்கு 75 கிராம் வெண்ணெய் போதும். அயர்லாந்தில் விற்கும் 227 கிராம் கட்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. வெண்ணெய் என்று பெயரிட்டு விற்கும் பொருளில் குறைந்தது 80 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எனவே பேரங்காடிகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான கட்டியை வாங்கத் தயங்க வேண்டாம். ஆனால் டப்பாவில் வரும், குளிரிலும் இளகியிருக்கும் தடவுபொருள்கள் வேறு. பலவற்றில் தாவர எண்ணெயும் நீரும் கலந்திருக்கும். குழியில் வைத்தால் அவை உருகிப் பிரிந்து, மணமில்லாத மஞ்சள் நீராக நிற்கும்.

சமையல் நூல்கள் சில பாலுக்குப் பதிலாகக் கிரீமைச் சொல்கின்றன. அது தேவையில்லாத செலவு. கழுவி மினுக்கிய சிறு பொதிக் கிழங்கைவிட மண் ஒட்டிய பெரிய மூட்டை கிலோவுக்கு மலிவாக இருக்கும். ஆனால் இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இடம் வீட்டில் இருந்தால் மட்டுமே பெரிய மூட்டை இலாபம். வெளிச்சத்தில் வைத்துப் பச்சையேறிய கிழங்கில் சொலனைன் என்னும் நச்சுப்பொருள் கூடியிருக்கும். அதைத் தூக்கி எறிய நேர்ந்தால் மூட்டை வாங்கிய சிக்கனம் போயிற்று. நறுக்கிப் பையில் அடைத்த கோஸை வாங்கவே வேண்டாம். கத்தி பிடிக்கும் வேலைக்குக் கடைக்காரர் வாங்கும் கூலி மிக அதிகம்.

எந்தக் கிழங்கை வாங்குவது?

வெந்தால் மாவாக உதிரும் கிழங்கு வேண்டும். அயர்லாந்துக்காரர்கள் நல்ல கிழங்கை 'மாவு உருண்டை' என்று புகழ்வார்கள். வெந்த தோல் தானே வெடித்துச் சிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பொதியின் மேலேயே வகைப்பெயர் அச்சிட்டிருப்பதால் தேர்ந்தெடுப்பது எளிது.

சிவந்த தோலும் மஞ்சள் சதையும் கொண்ட ரூஸ்டர் எங்கும் கிடைக்கும். கார்லோ மாவட்டத்தின் ஓக் பார்க் ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்ட இந்த வகைதான் இன்று நாட்டில் மிகுதியாகப் பயிராகிறது. இளஞ்சிவப்புத் தோலுடைய கெர்ஸ் பிங்க் இன்னும் மாவுத்தன்மை கொண்டது. அதன் கண்கள் ஆழமானவை என்பதால் பச்சையாகத் தோல் சீவினால் பாதி சதை போய்விடும்; தோலோடு வேகவைத்து உரிப்பதே நல்லது. கோல்டன் வொண்டர் இலையுதிர் காலத்தில் வரும். நீர் மிகக் குறைந்த கிழங்கு அது. கொஞ்சம் அசந்தால் பாத்திரத்திலேயே கரைந்துவிடும், ஆனால் சுவையில் என் கணக்கில் அதற்கே முதலிடம். கோடையில் வரும் புதுக்கிழங்கும், சாலட் கிழங்கு என்று விற்கும் சிறு வகைகளும் வெந்தும் குலையாதவை. அவற்றை மசித்தால் வழவழப்புத்தான் மிஞ்சும்.

கேல் கீரையா, முட்டைக்கோஸா?

இரண்டும் மரபுக்கு உட்பட்டவையே. எந்த வாரம் எது மலிவோ அதை வாங்குங்கள். சுருள் கேல் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை நன்றாக இருக்கும், உறைபனி பட்ட பின் இனிப்பேறும். கூம்பு வடிவத்தில் தளர்ந்த பச்சை இலைகளோடு வரும் யார்க் கோஸும், இலை சுருங்கிய சவாய் கோஸும் இதற்கு மிகப் பொருத்தம். வெளிறிய வெள்ளைக் கோஸ் கடைசித் தேர்வு. கெடுதலில்லை, ஆனால் நிறமும் மணமும் குறைவு.

கோஸின் கரும்பச்சை வெளியிலைகளைக் கழித்துவிடாமல் நன்கு கழுவிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த உணவுக்கு நிறம் தருவதே அவைதான். கேலின் தண்டைப் பொடியாக நறுக்கி, இலைக்கு மூன்று நிமிடம் முன்னதாகக் கொதிநீரில் போட்டால் அதுவும் வீணாகாது.

நான்கு பேருக்கு அளவும் செய்முறையும் என்ன?

உருளைக்கிழங்கு 1 கிலோ, கோஸ் அல்லது கேல் 350 முதல் 400 கிராம் வரை, வெங்காயத்தாள் ஐந்தாறு, பால் 200 மி.லி.; வெண்ணெய் 75 கிராம்; உப்பு, மிளகு. அயர்லாந்து வெண்ணெய் பெரும்பாலும் உப்புச் சேர்த்தே வருவதால், உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

கிழங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலோடு, ஏறக்குறைய ஒரே அளவுள்ளவற்றைத் தேர்ந்து, மூழ்கும் அளவு குளிர்ந்த நீரில் உப்பிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் போட்டால் மையம் வேகும் முன் வெளிப்புறம் கரைந்துவிடும். கொதி வந்தபின் தணலைக் குறைத்து மூடிவைத்தால் நடுத்தரக் கிழங்கு 25 முதல் 30 நிமிடத்தில் வேகும். அந்த நேரத்தில் கோஸை மெல்லியதாக நறுக்கி, சிறிதளவு கொதிக்கும் உப்பு நீரில் நான்கைந்து நிமிடம் மட்டும் வேகவைத்து வடித்து, கரண்டியால் அழுத்தி நீரைப் பிழிந்துவிடுங்கள். கேலுக்கு ஆறேழு நிமிடம் ஆகும். இதைவிட அதிக நேரம் கொதித்தால் கோஸில் கந்தகச் சேர்மங்கள் பெருகி, விடுதிச் சமையலறைகளில் நமக்கெல்லாம் பழக்கமான அந்த வாடை கிளம்பும்.

கிழங்கு வெந்ததும் நீரை முற்றிலும் வடித்து, அதே பாத்திரத்தில் மீண்டும் போட்டு, சுத்தமான துணியால் மூடி, மிகச் சிறிய தணலில் மூன்று நிமிடம் வையுங்கள். ஆவியைத் துணி வாங்கிக்கொள்ளும், கிழங்கு உலரும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்கள்தாம் தங்கள் கோல்கானன் கஞ்சிபோல் ஆனதாகக் குறைப்படுகிறார்கள். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து உடனே மசியுங்கள். இதற்குள் பாலில் வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து போட்டு, கொதிவரும் நிலையில் இறக்கி இரண்டு நிமிடம் ஊறவிட்டிருக்க வேண்டும். பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, மசியல் தளர்ந்து, ஆனால் கரண்டியில் நிற்கும் பதம் வந்ததும் நிறுத்துங்கள், 200 மி.லி. முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். வெண்ணெயில் 40 கிராமை இப்போது சேர்த்து, கோஸையும் மிளகையும் போட்டு மெதுவாகக் கிளறுங்கள். மீதமுள்ள வெண்ணெய் தட்டுகளில் பறிக்கும் குழிகளுக்கு. தட்டுகளை முன்கூட்டியே வெந்நீரில் சூடாக்கி வைத்திருந்தால்தான் வெண்ணெய் முழுதாக உருகும்.

மசியல் பசைபோல் இழுபடுகிறது. என்ன தவறு செய்தேன்?

பெரும்பாலும் மிக்ஸியிலோ பிளெண்டரிலோ போட்டு அரைத்திருப்பீர்கள். வெந்த கிழங்கின் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தால் மசியல் மென்மையாக இருக்கும்; செல்களே கிழிந்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்து வெளிவந்து கூழாகிவிடும். சுழலும் அலகு செல்களைக் கிழிக்கிறது. அயர்லாந்துப் பண்ணை வீடுகளில் 'பீட்டில்' என்னும் கனத்த மர மத்தால் இடித்தார்கள். நம் வீட்டுப் பருப்பு மத்தோ சாதாரண மசிப்புக் கரண்டியோ அந்த வேலையைச் செய்யும். கிழங்கு ஆறிய பிறகு மசிப்பதும், குளிர்ந்த பாலை ஊற்றுவதும் வேறு காரணங்கள். பசையாகிவிட்டதை மீண்டும் உதிரியாக்க வழியில்லை. கொஞ்சம் மாவு சேர்த்து அடை தட்டிச் சுட்டுவிடுங்கள்.

எரிவாயுவையும் மின்சாரத்தையும் எப்படி மிச்சப்படுத்துவது?

ஒரே பாத்திரத்தில் முடிக்கலாம். கிழங்கு வேக ஐந்து நிமிடம் இருக்கும்போது நறுக்கிய கோஸை அதன் மேலேயே பரப்பி மூடிவிட்டால் ஆவியில் வெந்துவிடும். பிறகு கோஸைத் தனியே எடுத்துப் பிழிய வேண்டும், அவ்வளவுதான். தோல் சீவிப் பெரிய துண்டுகளாக்கினால் 15 முதல் 20 நிமிடத்தில் வேகும், ஆனால் கிழங்கு நீரைக் குடிக்கும். அப்படிச் செய்தால் உலர்த்தும் நேரத்தைக் கூட்டுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குக்கர் இருந்தால் அதற்கு ஈடு வேறில்லை: அடியில் நீர் ஊற்றி, தட்டின் மேல் முழுக்கிழங்கை வைத்து ஆவியில் வேகவைத்தால் நேரமும் குறையும், கிழங்கில் நீரும் ஏறாது. வடித்த நீரைக் கொட்டாமல் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கிழங்கு பச்சையேறியிருந்தால் மட்டும் கூடாது.

வெங்காயத்தாள் கிடைக்கவில்லை. பால் பொருள்களே உண்பதில்லை. மிளகாய் இல்லாமல் இறங்காது. என்ன செய்வது?

வெங்காயத்தாளுக்குப் பதில் லீக் தண்டையோ சாதாரண வெங்காயத்தையோ வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கிச் சேர்க்கலாம். பால் தவிர்ப்பவர்கள் இனிப்பில்லாத ஓட்ஸ் பாலையும் நல்ல எண்ணெயையும் பயன்படுத்தலாம். உண்ணத் தகுந்த மசியலாக இருக்கும், கோல்கானன் என்று மட்டும் சாதிக்க வேண்டாம். மிளகாயைப் பொறுத்தவரை, வெள்ளை மிளகும் துளி சாதிக்காய்த் தூளும் மரபுக்குள் அடங்குபவை. அதற்கு மேல் உங்கள் நாக்கு, உங்கள் தட்டு.

இதை மட்டும் உண்டால் போதுமா?

வயிறு நிறையும், ஆனால் புரதம் குறைவு. மிக மலிவான துணை, மேலே வைக்கும் ஒரு பொரித்த முட்டை. மஞ்சள் கரு உடைந்து வெண்ணெயோடு கலப்பது கூடுதல் இன்பம். புலால் உண்பவர்கள் வீட்டில் வேகவைத்த உப்புப் பன்றி இறைச்சியோடு பரிமாறுவார்கள். இறைச்சி வெந்த நீரிலேயே கோஸை வேகவைப்பதும் உண்டு. மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் திருநாளில், அமெரிக்காவில் உப்பிட்ட மாட்டிறைச்சியோடு உண்பது புலம்பெயர்ந்தோரின் வழக்கம். கோதுமை ஒவ்வாதவர்கள் இதைத் தயங்காமல் உண்ணலாம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை எடுப்பவர்கள், கேலில் வைட்டமின் கே மிகுதி என்பதால், அளவைத் திடீரென்று கூட்டாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோதிரமும் நாணயமும் ஒளித்துவைப்பது ஏன்?

ஹாலோவீன் இரவில் கோல்கானனுக்குள் சிறு பொருள்களைப் புதைத்து, யாருக்கு எது வருகிறதோ அதைக்கொண்டு அவர்களின் வரும் ஆண்டைக் கணிப்பது பழைய விளையாட்டு. மோதிரம் வந்தால் திருமணம், நாணயம் வந்தால் செல்வம். தையல்காரர் விரலில் அணியும் உறை வந்த பெண்ணும், பொத்தான் வந்த ஆணும் தனித்தே இருப்பார்கள். திருமணமாகாத பெண்கள் தங்கள் பங்கின் முதல் கவளத்தையும் கடைசிக் கவளத்தையும் காலுறையில் இட்டுக் கதவில் தொங்கவிட்டு, அதன் வழியே முதலில் நுழையும் ஆண்மகனைத் தங்கள் வருங்காலக் கணவனாகக் கருதியதும் உண்டு. காலுறை வீணாவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நீங்கள் செய்து பார்ப்பதானால் பொருள்களைக் கழுவி வெண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள், உண்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், சிறு குழந்தைகளின் தட்டில் எதையும் ஒளிக்காதீர்கள்.

மிஞ்சியதை என்ன செய்யலாம்?

இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். அறை வெப்பத்தில் இரவு முழுக்கக் கிடந்ததை மீண்டும் சூடாக்கி உண்ண வேண்டாம். மறுநாள் காலை, குளிர்ந்து இறுகியதை உள்ளங்கை அளவுக்கு, விரல் பருமனில் தட்டி, இருபுறமும் லேசாக மாவு தொட்டு, மிதமான சூட்டில் அசைக்காமல் நான்கைந்து நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாகித் தானாக வாணலியை விட்டுப் பிரியும்வரை திருப்பக் கூடாது. அவசரப்பட்டுத் திருப்பினால் உடைந்துவிடும். இதற்காகவே நான் நான்கு பேருக்குச் சமைக்கும்போது ஆறு பேருக்கான கிழங்கைப் போடுகிறேன்.